பாக்கி 14 கிலோமீட்டர்

எங்கள் சித்தியிடம் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் கோயில் வாசல் கடையொன்றில் வாங்கியது. 108 திவ்ய தேசங்களும் அதில் வரிசையாக அச்சாகியிருக்கும். போய் வந்த தலத்துக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு டிக், அதன் கீழே தேதி. காஞ்சிபுரத்துக்குள்ளேயே 14 தலங்கள் இருப்பதால், பக்கத்து ஊரான தென்னேரியில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கணக்கில் தொடக்கத்திலேயே சலுகை உண்டு. அதிலும் உலகளந்த பெருமாள் கோயிலில் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என்று நான்கு தலங்கள் ஒரே மதிலுக்குள். "கால் மணி நேரத்துல நாலு டிக்குடா" என்று சித்தி சிரிப்பார்.

என்னிடமும் ஒரு நோட்டு உண்டு. அதில் சாமி கிடையாது, சாலைகள்தான். எந்த நெடுஞ்சாலை எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறது, அதில் நான் போனது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற கணக்கு. ஒரு சாலையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இடைவெளி விடாமல் ஓட்டி முடிப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றில்லை. துண்டு துண்டாக, வருடக்கணக்கில் முடிக்கலாம். கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு வேறு வழியும் இல்லை. அமெரிக்காவில் இப்படி மைல் கணக்கு வைத்துக்கொண்டு சாலைகளை முடிப்பவர்கள் நிறையப் பேர். பிரிட்டனில் சாலைப் பிரியர்களுக்குச் சங்கமே இருக்கிறது. தென்னேரியில் நான் ஒருவன்தான். சித்தியின் டிக் பக்தி, என்னுடையது கிறுக்கு என்பது வீட்டின் தீர்ப்பு.

"எங்கடா கிளம்பிட்ட?" என்று தறிக்குழியிலிருந்து சித்தப்பா கேட்பார்.

"பரமக்குடி வரைக்கும், சித்தப்பா."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு?"

இந்தக் கேள்விக்கு இத்தனை வருடமாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை விளையாட்டாக அவர் கணக்கையே போட்டுக் காட்டினேன். ரவிக்கைத் துணியோடு சேலை ஆறேகால் மீட்டர், அகலம் 48 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால் ஒரு சேலைக்கு நாடா கிட்டத்தட்ட 14,700 தடவை குறுக்கே போகிறது. மொத்தம் 18 கிலோமீட்டர். இங்கே கிளம்பினால் வாலாஜாபாத், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை தாண்டிக் காஞ்சிபுரத்தை நெருங்கிவிடலாம். "ஒவ்வொரு சேலைக்கும் நீங்களும் அவ்வளவு தூரம் போறீங்க" என்றேன். அவர் நாடாவை நிறுத்தவே இல்லை. "போறது நாடா. நான் எங்கடா போறேன்?"

அவர் சொன்னது சரிதான். எங்கள் குடும்பம் இதுவரை போன ஊர்களை எண்ணிப் பார்த்தேன். திருத்தணி, திருப்பதி, மேல்மருவத்தூர், கல்யாணத்துக்கு ஆரணி, வைத்தியத்துக்கு வேலூர், துணி எடுக்கச் சென்னை தி.நகர். இரண்டு தலைமுறைக்கு இவ்வளவுதான். காரணம் இருந்தால்தான் போவது என்று வைத்துக்கொண்டால் ஊர்ப் பட்டியல் இப்படித்தான் சுருங்கும். காசு உள்ளவர்களின் பட்டியலும் பெரிதாக வேறில்லை. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று பெயர்கள் மாறும், எண்ணிக்கை மாறாது. ஆசைக்குத் தெரிந்த ஊர்கள் மிகக் குறைவு. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத ஊருக்கு ஒருவனை அனுப்ப, கண்மூடித்தனமான ஒரு கணக்குதான் வேண்டும். என் நோட்டின் வேலை அது.

பரமக்குடிக்குப் போன கதையையே சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலை 87, மதுரைக்குக் கிழக்கே திருப்புவனத்தில் பிரிந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், ராமேசுவரம் வழியாகத் தனுஷ்கோடிக்குப் போகிறது. 1964 புயலில் அழிந்த ஊருக்கு அப்பால் அரிச்சல்முனை வரை சாலை போட்டு 2017இல் திறந்தார்கள். கடல் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து முன்னால் ஒன்றாகிவிடும் இடம். அங்கே போகக் காரணமே வேண்டாம், தினமும் கூட்டம்தான். நானும் எல்லோரையும்போல் முதலில் போனது அந்த முனைக்குத்தான். நோட்டில் பாக்கி நின்றது மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் இடையிலான துண்டு. சீமைக் கருவேலமும் வெயிலும் தவிர அதில் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சித்திரை மாதத்தில் போனேன். சொன்னது பொய்யில்லை.

பரமக்குடிக்குப் பக்கத்தில் வண்டிச் செயின் கழன்றது. மெக்கானிக்கைத் தேடி ஊருக்குள் திரும்பி, வைகைப் பாலம் தாண்டி எமனேசுவரத்தில் போய் நின்றேன். கடை பூட்டிக் கிடந்தது. வெயிலுக்கு ஒதுங்கி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், காதுக்குப் பழகிய சத்தம். வீட்டுக்கு வீடு தறி. நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து எங்கள் தெருவுக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. எங்கள் தெருவிலோ இப்போது அவ்வளவு சத்தம் இல்லை.

திறந்திருந்த ஒரு வாசலில் பெரியவர் ஒருவர் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாவு தீர்ந்ததும் தறியைக் காலி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனியை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் நுனியை ஒவ்வொன்றாக அதனோடு சேர்த்து முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் வழுக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் சாம்பல். தொடுவார், இரண்டு நுனியை எடுப்பார், ஒரு முறுக்கு, அடுத்தது. சித்தப்பாவும் சாம்பல் தொட்டுத்தான் பிணைப்பார். ஆனால் இவர் முறுக்குகிற பக்கம் எங்கள் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். நான் நின்று பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"தம்பி எந்த ஊரு?"

"காஞ்சிபுரம் பக்கம் தென்னேரிங்க. வீட்ல தறி இருக்கு."

அவ்வளவுதான், பாய் விரித்தாயிற்று. உங்கள் ஊரில் ஒரு பாவுக்கு எத்தனை சேலை, எங்களுக்கு மூன்றுதான் ஐயா, கோர்வைக்கு அந்தப் பக்க நாடா போட ஆள் கிடைக்கிறதா, எங்கே கிடைக்கிறது, பிள்ளைகள் எல்லாம் கம்பெனிக்குப் போகிறார்கள், நானே கம்பெனிக்குத்தான் போகிறேன். கடைசிப் பதிலுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோர் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவர் பேரன் வந்து செயினை மாட்டிக் கொடுத்தான். 'எமனேசுவரம் போக வேண்டும்' என்று எனக்கு எந்த ஜென்மத்திலும் தோன்றியிருக்காது. 87இல் பாக்கி இருந்ததால் போனேன்.

வழியைச் சொல்வதையே இலக்கியமாக்கியவர்கள் நாம். எங்கள் ஏரிக்குத் திரையன் ஏரி என்பது பழைய பெயர், அது தொண்டைமான் இளந்திரையன் பெயரால் வந்தது என்பார்கள். பெரும்பாணாற்றுப்படைக்குத் தலைவன் அந்த இளந்திரையன். பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வருகிற ஏழைப் பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்கிறான். உமணர்களின் உப்பு வண்டி, மிளகுப் பொதி சுமக்கும் கழுதை, சுங்கம் வாங்கும் இடம், எயினர் குடியிருப்பு, ஆயர் சேரி, உழவர் ஊர், கலங்கரை விளக்கம் நிற்கும் பட்டினம் என்று 500 அடிப் பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் ஓடிய பிறகுதான் காஞ்சி கண்ணில் படுகிறது. பாணனுக்குப் பரிசு என்ற காரணம் இருந்தது. ஆனால் புலவருக்கு வழியில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதில் இருந்த அக்கறையைப் பாருங்கள். சுங்கம் அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. இருசக்கர வண்டிக்குக் கிடையாது என்பது எனக்கு வசதி.

எங்கள் பக்கத்துப் பெங்களூரு ஹைவேயில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. நடந்தும் கட்டை வண்டியிலும் போனவன் இரவு தலை சாய்த்த இடங்கள். சத்திரங்கள் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. இப்போது அந்தச் சாலையில் எல்லோரும் நின்றாக வேண்டிய இடம் டோல்கேட் ஒன்றுதான்.

இந்தப் பொழுதுபோக்கில் அடி வாங்கியதும் உண்டு. 2009 கடைசியில் பழைய தேசிய நெடுஞ்சாலை 45ஐ முடித்தேன். தாம்பரம், திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல், பெரியகுளம், தேனி. முடித்த முதல் பெரிய சாலை. வீட்டில் யாருக்கும் புரியாது என்பதால் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் தனியாக ஒரு பாதாம் பால் குடித்துக் கொண்டாடினேன். 2010இல் நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றினார்கள். வடக்கு தெற்காகப் போவதற்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை, கிளைச் சாலைக்கு மூன்று இலக்கம் என்று ஒழுங்கான முறைதான். ஆனால் என் 45 காணாமல் போயிற்று. 32, 132, 38, 83, 183 என்று ஐந்து துண்டாகிவிட்டது. 45 என்ற எண் இப்போது மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியாகப் போகிறது. ஒரு முடிந்த சாலை போய், முடியாத சாலைகள் வந்தன. என் நோட்டில் எதையும் அடிக்க மனம் வரவில்லை. பழைய பக்கத்தை அப்படியே வைத்து எதிர்ப்பக்கத்தில் புது எண்களை எழுதிக்கொண்டேன்.

எதைப் 'போனது' என்று எண்ணுவது என்பதும் லேசான விஷயமில்லை. ராத்திரி பஸ்ஸில் உளுந்தூர்பேட்டையில் கண்ணை மூடித் திருச்சியில் திறந்தால் அது போனதா? கேட்க ஆளில்லை. டிக் அடித்தால் கண்டுபிடிக்கவும் ஆளில்லை. நான் தூங்கிய தூரத்தைப் பென்சிலில் எழுதுகிறேன், விழித்திருந்து போகும்போது பேனாவில் மாற்றுகிறேன். இதைச் சொன்னபோதுதான் சித்தப்பா முதல்முறையாக என் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இழை ஒண்ணு விட்டுப்போச்சுன்னா கட்டுறவங்களுக்குத் தெரியாது. வாங்குற கடைக்காரனுக்கும் பாதி நாள் தெரியாது" என்றார். பென்சில் வரிகளை விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் 48ஐ முடிப்பேனா என்பது சந்தேகம். சென்னையிலிருந்து டெல்லி வரை 2,800 கிலோமீட்டருக்கு மேல். எனக்கு ஹூப்ளி வரைதான் ஆகியிருக்கிறது. சித்தியின் புத்தகத்திலும் கடைசி இரண்டு வரி காலியாகத்தான் இருக்கும். திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போகிற இடங்கள் இல்லை. பட்டியல் போட்டவர்களே இரண்டைக் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. பாதியில் திரும்பியவர்களில் பெரிய ஆள் ஒருவரும் எங்கள் பக்கம் வந்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங், காஞ்சியிலிருந்து இலங்கைக்குப் போக நினைத்திருந்தார். அங்கிருந்து வந்த பிக்குகள், அரசர் இறந்துவிட்டார், பஞ்சமும் கலவரமும் என்றார்கள். போகவில்லை. விசாரித்ததை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வடக்கே திரும்பினார். என் பாஷையில் சொன்னால், பென்சிலில் எழுதிக்கொண்டார்.

என்னால் முடியக்கூடியது எங்கள் சொந்தச் சாலை ஒன்று. சதுரங்கப்பட்டினத்தில் கடலோரம் தொடங்கி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணி மலையடிக்குப் போகிற மாநில நெடுஞ்சாலை 58. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 132பி ஆகிவிட்டது, ஆனாலும் நான் பழைய கணக்கில்தான் வைத்திருக்கிறேன். அரக்கோணம் வரை பேனாவில் எழுதியாயிற்று. அதன் பிறகு 14 கிலோமீட்டர் பாக்கி. ஒருமுறை மழையால் திரும்பினேன், பிறகு வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கி இருப்பது நல்லதுதானே என்று நினைப்பு.

அந்தப் பாக்கியை முடிக்கப் போவதாகப் போன வாரம் வீட்டில் சொன்னேன். சித்தப்பா தறியை நிறுத்திவிட்டு, "திருத்தணியா? நானும் வரேன்" என்றார்.

"முட்டி வலிக்குதுன்னீங்களே. வண்டி மேலேயே போகும், படி ஏற வேணாம்."

"படி ஏறாம எதுக்குடா போறது? 365 படி. சின்ன வயசுலேருந்து எண்ணிக்கிட்டேதான் ஏறுவேன்."

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் கிளம்புகிறோம். சித்தி வரவில்லை. திருத்தணி அவர் புத்தகத்தில் இல்லை.