ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு சூப்பர் ஹீரோ

நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருடைய பாத்திரம் ரயில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கும். பக்கத்தில் இருப்பவருடைய பாத்திரத்துக்கு வில்வித்தை தெரியும், அவ்வளவுதான். வங்கியில் கொள்ளையர்கள் புகுகிறார்கள், முதலாமவர் பகடையை உருட்டுகிறார், சண்டை முடிந்துவிடுகிறது. வில்லாளி அம்பை எடுப்பதற்குள் போலீஸே வந்துவிட்டது. அவரும் ஆட்டத்தில்தான் இருக்கிறார், ஒப்புக்குச் சப்பாணியாக.

தாளும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடும் சூப்பர் ஹீரோ ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கு இது நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட தலைவலி. விதிப்புத்தகங்கள் பெரும்பாலும் இதைக் கணக்காகத்தான் போட்டுப் பார்த்தன. ஆனால் கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்றால், எதைச் சமமாகப் பங்கிடுவது?

கிட்டத்தட்ட இதையே தலைப்பாக வைத்து 1979இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென். அதே ஆண்டில் ஜெஃப் டீ, ஜாக் ஹெர்மன் இருவரும் உருவாக்கிய ‘வில்லன்ஸ் அண்ட் விஜிலாண்டீஸ்’ வெளிவந்தது. யாருக்கு என்ன சக்தி என்பதை அதில் பகடை முடிவு செய்யும். நல்ல எண் விழுந்தவருக்கு யோகம். விழாதவர் தலையெழுத்தை நொந்துகொண்டே ஆட வேண்டும்.

இந்தக் குலுக்கலை ஒழித்தது 1981இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் கொண்டுவந்த ‘சாம்பியன்ஸ்’. எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளி. அதைச் செலவழித்து அவரவர் சக்தியை வாங்கிக்கொள்ளலாம். கண் தெரியாது, தீராப் பகை உண்டு என்று குறை எதையாவது ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும். அதே 1981இல் சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவொர்க்கின் ஒரு கட்டுரையில் கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கியவர்களைக் கற்பனை செய்தார். ஆளுக்குச் சம எண்ணிக்கையில் கிளிஞ்சல். அதைக் காசாக வைத்துத் தீவின் வளங்களை ஏலம் எடுக்க வேண்டும். ஏலம் முடிந்தபின் அடுத்தவர் பங்கைப் பார்த்து யாரும் பொறாமைப்படாவிட்டால் பங்கீடு நியாயமானது. உடற்குறை உள்ளவர்களுக்கு ஈடு செய்ய ஒரு காப்பீட்டு ஏற்பாட்டையும் அவர் சேர்த்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்கத் தேவையே இல்லை. நியாயத்தைப் பற்றி யோசித்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை. நெருப்பை உமிழும் ஹீரோவை உருவாக்கும் ஒருவர், ‘தண்ணீருக்கடியில் இந்தச் சக்தி வேலை செய்யாது’ என்று எழுதி விலையைக் குறைத்துக்கொள்கிறார். கதையோ நட்டநடு நகரத்தில் நடக்கிறது. தண்ணீருக்கு எங்கே போவது? விதிகளைக் கரைத்துக் குடித்தவர் கையில் இருக்கும் நூறு புள்ளியும், முதல் நாள் ஆட வந்தவர் கையில் இருக்கும் நூறு புள்ளியும் ஒன்றல்ல. பொருளைச் சமமாகக் கொடுத்தால் போதாது, அதை வைத்து ஒருவரால் என்ன செய்ய முடிகிறது, என்னவாக இருக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே சென்னின் வாதம். அதை மெய்ப்பிக்க இந்த மேசையே போதும்.

நெருப்பு ஹீரோவை அடக்க, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அடுத்த வாரம் ஓர் அணைக்கட்டை உடைத்துவிடுவார். காமிக்ஸ் உலகிலும் இதே கதைதான். சூப்பர்மேன் 1938இல் பிறந்தார். ஐந்து ஆண்டு கழித்து, அவர் பலத்தை உறிஞ்சும் கிரிப்டோனைட் கல்லைக் கொண்டுவந்தது வானொலித் தொடர். காமிக்ஸில் அது நுழைந்தது 1949இல். அதன்பின் வில்லன் சட்டைப்பையிலெல்லாம் பச்சைக் கல் முளைத்துவிட்டது. பலசாலியை வாரம் தவறாமல் மயக்கம் போட வைப்பது சமத்துவம் ஆகாது, வெறும் தண்டனை.

இதைவிட நேர்த்தியான வழி ஸ்டீவ் கென்சன் உருவாக்கி 2002இல் வெளிவந்த ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ விளையாட்டில் உண்டு. அதன் மூன்றாம் பதிப்பில், பத்தாம் நிலை ஹீரோவுக்குத் தாக்கும் திறனும் அடியின் பலமும் சேர்ந்து 20ஐத் தாண்டக் கூடாது. ஒருவர் திறனுக்கு 5, பலத்துக்கு 15 வைக்கிறார். இன்னொருவர் தலைகீழாக வைக்கிறார். தற்காப்பு 10, உறுதி 10 உள்ள எதிரிமீது முதலாமவரின் குத்து நூற்றுக்கு முப்பது தடவைதான் விழும். ஆனால் விழுந்தால், எதிரி இருபது முகப் பகடையில் 20 போட்டால் ஒழிய முழுசாகத் தப்ப முடியாது. இரண்டாமவர் நூற்றுக்கு எண்பது தடவை அடிப்பார். எதிரி 10 போட்டாலே தட்டிவிட்டுப் போய்விடுவான். இருவரும் ஒரே சண்டைக்கு வெவ்வேறு விதத்தில் தேவைப்படுகிறார்கள். அழகான கணக்கு, சந்தேகமில்லை. சண்டை முடிந்ததும் அதன் வேலையும் முடிந்துவிடுகிறது.

1984இல் ஜெஃப் க்ரப் உருவாக்கிய ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ பலத்தைத் தொடவில்லை, நடத்தையைத் தொட்டது. நல்லது செய்தால் ‘கர்மா’ சேரும். இக்கட்டான நேரத்தில் அதைச் செலவழித்துப் பகடையில் விழுந்த எண்ணைக் கூட்டலாம். கொலை செய்தால் சேர்த்த அத்தனையும் போய்விடும். நம்மூர் கர்மாவைப் போல அடுத்த பிறவிவரை காத்திருக்காது, கையோடு கணக்குத் தீர்த்துவிடும். ‘பஃபி’ தொலைக்காட்சித் தொடரை வைத்து 2002இல் வந்த விளையாட்டு இன்னும் வெளிப்படையானது. அதில் நாயகிக்குச் சக்தி அதிகம்; சக்தி இல்லாத நண்பர்களுக்கோ, கதையைத் தங்கள் பக்கம் திருப்பும் புள்ளிகள் அவளைவிட அதிகம். பலத்தில் சமம் என்ற பேச்சையே அது எடுக்கவில்லை.

தத்துவத்திலும் அப்படி ஒரு திருப்பம் நடந்தது. சமத்துவம் என்றால் பங்கு பிரிப்பது என்றே விவாதம் சுற்றிச் சுற்றி வருவதை 1999இல் எலிசபெத் ஆண்டர்சன் கடுமையாக விமர்சித்தார். யாரும் யாருக்கும் கீழ்ப்படிந்து நிற்காத உறவுதான் சமத்துவத்தின் நோக்கம் என்றார் அவர். பிரெண்டன் கான்வேயின் ‘மாஸ்க்ஸ்’ (2016) அந்தப் பாதையில் வருகிறது. அதில் ஹீரோக்கள் எல்லாரும் பதின்பருவத்தினர். யார் எத்தனை டன் தூக்குவார் என்று அந்த விதிகள் கேட்பதே இல்லை. அடிபட்டால் உடம்புக்கு எண் குறையாது. பயம், கோபம், குற்றவுணர்வு என்று மனநிலை மாறும். கட்டடத்தைச் சாய்க்கக்கூடிய பையனிடம் அவன் மதிக்கும் பெரியவர் ஒருவர், “உன்னால ஊருக்கே ஆபத்துடா” என்கிறார். அவன் தாளில் ‘அபாயம்’ என்ற இடத்தில் ஒன்று ஏறுகிறது, ‘மீட்பர்’ என்ற இடத்தில் ஒன்று இறங்குகிறது. அடுத்த முறை யாரையாவது காப்பாற்றப் போகும்போது அவன் பகடை தடுமாறும். சக்தியே இல்லாத தோழி சொல்லும் ஆறுதலுக்கு இங்கே அவன் முஷ்டிக்குச் சமமான எடை. வில்லாளிகள் பொறாமைப்பட்டது ரயில் பெட்டியைப் பார்த்தல்ல, முடிவெடுக்கும் வாய்ப்பைப் பார்த்து என்பதை இந்த விளையாட்டு புரிந்துகொண்டிருக்கிறது.

இதற்கும் அடங்காத சக்தி ஒன்று மிச்சம் இருக்கிறது: வருவதை முன்பே அறிவது. ‘சாம்பியன்ஸ்’ விளையாட்டின் பிற்காலப் பதிப்புகள், ஆட்டத்தையே குலைக்கக்கூடிய சக்திகளின் பக்கத்தில் சாலையோர ‘நில்’ பலகையின் படத்தைப் போட்டு எச்சரித்தன. முன்னறிவு அந்த வகையைச் சேர்ந்தது. கடவுளுக்கு நாளை தெரியும் என்றால் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது என்று ஆறாம் நூற்றாண்டில் சிறையில் இருந்தபடி எழுதினார் தத்துவ அறிஞர் போயத்தியஸ். காலத்துக்கு வெளியே நின்று பார்ப்பதால் கடவுளின் அறிவு யாரையும் கட்டாயப்படுத்தாது என்பது அவர் கண்ட சமாதானம். கேம் மாஸ்டருக்கு அந்த வசதி இல்லை. மற்றவர்கள் இன்னும் முடிவெடுக்காததால் அவர் கையில் நாளை என்று ஒன்றே கிடையாது. “நாளைக்குப் பாலம் இடியும்” என்று அவர் சொல்லிவிட்டால், ஒன்று மற்றவர்கள் எடுக்கும் முயற்சி வீண், அல்லது அந்தத் தரிசனம் பொய். அதனால் அனுபவமுள்ளவர்கள் பாதியை மட்டும் காட்டுகிறார்கள்: இடியும் சத்தம், மேலெழும் தூசி. எந்தப் பாலம், யார் இடித்தது, மேலே ஆள் இருந்ததா என்பதையெல்லாம் மற்றவர்கள் ஆடி முடிவு செய்ய விட்டுவிடுகிறார்கள்.