வாரண்ட் அதிகாரியும் கமிஷன் அதிகாரியும்: கட்டளையிடும் உரிமை எதிலிருந்து பிறக்கிறது?

அமெரிக்கத் தரைப்படையில் அதிகாரிகள் இரு வகையினர். இரண்டாம் லெப்டினன்ட் முதல் ஜெனரல் வரையிலானவர்கள் கமிஷன் அதிகாரிகள். இவர்கள் பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன் எனப் படிப்படியாகப் பெரிதாகும் பிரிவுகளுக்குத் தலைமை தாங்குவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறுப்பு மாறும். மேலே செல்லச் செல்லப் பார்வை விரியும். வாரண்ட் அதிகாரிகளின் பாதை வேறு. ஹெலிகாப்டர் ஓட்டுவது, ஆயுதங்களைப் பராமரிப்பது, உளவுத் தகவல்களை ஆராய்வது, கணினி வலையமைப்புகளைக் காப்பது என ஏதேனும் ஒரு துறையில் இறங்கி, பணிக்காலம் முழுவதையும் அதிலேயே கழிப்பவர்கள் இவர்கள். பதவி வரிசையில் மிக மூத்த வாரண்ட் அதிகாரியும் நேற்றுப் பொறுப்பேற்ற இரண்டாம் லெப்டினன்டுக்குக் கீழேதான் வருவார். கால் நூற்றாண்டு அனுபவம் உள்ளவர், பயிற்சி முடித்து வந்த இளைஞருக்கு முதலில் சல்யூட் வைக்க வேண்டும். நிர்வாக ஏற்பாடாகத் தோன்றும் இந்த வரிசைக்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. பிறருக்குக் கட்டளையிடும் உரிமை அறிவிலிருந்து வருகிறதா, பதவியிலிருந்து வருகிறதா?

இந்தப் பிரிவினை பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரக் கப்பல்களில் உருவானது. கேப்டனும் லெப்டினன்டுகளும் கடற்படைத் தலைமையான அட்மிரால்டியின் கமிஷன், அதாவது தலைமை ஏற்கும் நியமன ஆணை, பெற்றவர்கள். கப்பலின் திசையையும் கடலின் ஆழத்தையும் கணிக்கும் மாஸ்டர், கயிறுகளையும் பாய்களையும் கவனிக்கும் போசன், பீரங்கிகளைப் பேணும் கன்னர், தச்சர் ஆகியோர் வாரண்ட் என்ற வேறொரு ஆணை பெற்றவர்கள். கப்பல் ஓட்டுவது எப்படி என்பது மாஸ்டருக்குத் தெரியும். எங்கே செல்வது, எதிரியைத் தாக்குவதா விலகுவதா, எப்போது சரணடைவது என்பவை கேப்டனின் முடிவுகள்.

ஜேம்ஸ் குக்கின் வாழ்க்கையில் இந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. நிலக்கரிக் கப்பல்களில் தொழில் கற்ற அவர், 1757-இல் தேர்வெழுதி மாஸ்டர் ஆனார். 1759-இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை அளந்து, பிரிட்டிஷ் கப்பல்கள் கியூபெக் நகரை நெருங்க உதவினார். பின்னர் நியூஃபவுண்ட்லாந்துக் கரைகளை வரைபடமாக்கினார். ஆனால் 1768-இல் எண்டவர் கப்பலைப் பசிபிக் பெருங்கடலுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு வந்தபோது, அவருக்கு லெப்டினன்ட் கமிஷன் தேவைப்பட்டது. கடலைப் பற்றிய அவருடைய அறிவு அந்த ஆணையால் கூடிவிடவில்லை. கப்பலில் இருந்த எல்லாருடைய உயிருக்கும், அரசின் பெயரால் செய்யப்படும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் நிலைக்கு அது அவரைக் கொண்டுவந்தது.

அமெரிக்கத் தரைப்படை இந்த முறையை 1918 ஜூலை 9 அன்று எடுத்துக்கொண்டது. துறைமுகங்களைக் காக்கக் கண்ணிவெடிகளைக் கடலில் பதிக்கும் கப்பல்களுக்கு மாலுமிகளும் எஞ்சினியர்களும் தேவைப்பட்டார்கள். அதற்கெனத் தொடங்கிய கண்ணிவெடிக் கப்பல் பிரிவில்தான் முதல் வாரண்ட் அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். இன்று தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகளில் பெரும்பாலானோர் வாரண்ட் அதிகாரிகள். அமெரிக்க விமானப்படை 1959-இல் புதிய வாரண்ட் நியமனங்களை நிறுத்திவிட்டது. சைபர், தகவல் தொழில்நுட்பத் துறைகளுக்காக 2024-இல் அந்தப் பதவியை மீண்டும் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் சிக்கலாகும்போதெல்லாம், தலைமைப் பதவிகளை நோக்கி நகராமல் ஒரே தொழிலில் நிலைத்து நிற்கும் வல்லுநரைப் படை தேடுகிறது.

அறிவே ஆளும் தகுதி என்ற கட்சிக்கு மூல வழக்கறிஞர் பிளேட்டோ. 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில் அவர் ஒரு கப்பலைக் காட்டுகிறார். சுக்கானைப் பிடிக்க மாலுமிகள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். பருவத்தையும் விண்மீன்களையும் காற்றையும் கற்றவனை அவர்கள் வெட்டிப் பேச்சுக்காரன் என்று ஒதுக்குகிறார்கள். ஓட்டத் தெரிந்தவனிடம் கப்பலைக் கொடுக்காத சமூகம் மூழ்கும் என்பது அவர் வாதம். படையிலும் இதற்கு இடமுண்டு. தரைப்படை ஹெலிகாப்டரில் பொறுப்பு விமானியாக நியமிக்கப்பட்டவர் வாரண்ட் அதிகாரியாக இருந்து, அருகில் துணை விமானியாக ஒரு மேஜர் அமர்ந்திருந்தாலும், பறக்கும் நேரம் முழுவதும் அந்த விமானத்தைப் பற்றிய முடிவுகள் வாரண்ட் அதிகாரியுடையவை. அங்கே பதவி அறிவுக்கு வழிவிடுகிறது.

ஆனால் அதே பிளேட்டோ, 'அரசியல் அறிஞர்' என்ற உரையாடலில் இன்னொரு கோட்டையும் கிழிக்கிறார். எப்படிப் போரிடுவது என்று அறிவது தளபதியின் கலை. போரிடலாமா, சமாதானம் செய்யலாமா என்று தீர்மானிப்பது அதைவிட மேலான வேறு கலை. ஒரு செயலைச் செய்யும் திறனும் அதைச் செய்யலாமா என்று முடிவெடுக்கும் திறனும் ஒன்றல்ல. அரிஸ்டாட்டில் இதைத் தொழில்திறன், நடைமுறை விவேகம் என்று பிரித்தார். தொழில்திறனின் இலக்கு செய்யப்படும் பொருள். நடைமுறை விவேகம், மனிதருக்கு நன்மை எது என்று எடைபோட்டுச் செயல்படுவது. முன்னதை அளக்கத் தேர்வும் சான்றிதழும் போதும். பின்னது அனுபவத்தில் மட்டுமே முதிரும். அதை முன்கூட்டியே சோதித்து உறுதிசெய்ய வழியில்லை. அதனால்தான் தலைமையை ஒருவரிடம் ஒப்படைப்பதில் எப்போதும் நம்பிக்கையின் கூறு ஒன்று கலந்திருக்கிறது.

அரசியல் அறிவியலாளர் சாமுவேல் ஹண்டிங்டன் 1957-இல் வெளியிட்ட 'போர்வீரனும் அரசும்' நூலில் இதை இன்னும் கூர்மையாக்கினார். படையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு படைக்கு வெளியிலும் உண்டு. அதிகாரிக்கே உரிய திறன், வன்முறையை நிர்வகிப்பது. அந்தத் திறனைச் சமூகத்தின் ஒப்புதலோடு, சமூகத்தின் பாதுகாப்புக்காக மட்டுமே பயன்படுத்தலாம். இந்தப் பார்வையில் கமிஷன் என்பது அறிவுக்கான பரிசு ஆகாது. வன்முறையைக் கையாளும் உரிமையைக் குடிமக்கள் ஒருவரிடம் ஒப்படைத்து, அவரிடமே கணக்குக் கேட்கும் ஏற்பாடு அது.

சட்டமும் இந்தத் தர்க்கத்தைப் பின்பற்றுகிறது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் பிரிவு, அதிகாரிகளுக்குக் கமிஷன் வழங்கும் கடமையை அதிபரிடம் தருகிறது. சாதாரண வீரரின் உறுதிமொழியில் அதிபரின் கட்டளைகளுக்கும் மேலதிகாரிகளின் கட்டளைகளுக்கும் கீழ்ப்படிவேன் என்ற வாசகம் உண்டு. அதிகாரிகளின் உறுதிமொழியில் அது இல்லை. அவர்கள் அரசியல் சாசனத்தைக் காப்பதாகவே உறுதி கூறுகிறார்கள். வாரண்ட் அதிகாரிகள் எடுப்பதும் அதிகாரிகளுக்கான உறுதிமொழியே. ஆனால் படைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி, மேலான கமிஷன் அதிகாரியின் சட்டப்படியான கட்டளையை வேண்டுமென்றே மீறும் குற்றத்துக்குப் போர்க்காலத்தில் மரண தண்டனை வரை விதிக்கலாம். கமிஷன் பெறாத வாரண்ட் அதிகாரியின் கட்டளையை மீறுவது 91-ஆம் பிரிவில் வருகிறது. அங்கே தண்டனை குறைவு.

அதிகாரத்தின் கனம் கூடும்போது பொறுப்பின் கனமும் கூடுகிறது. ஜப்பானியத் தளபதி டொமொயுகி யாமஷிடா, பிலிப்பைன்ஸில் தன் படைகள் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காக 1946-இல் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கொடுமைகளைச் செய்யும்படி அவர் உத்தரவிட்டார் என்பது அந்தத் தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. தன் கையால் செய்யாததற்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதே தலைமையின் இயல்பு. இரு வகை அதிகாரிகளையும் பிரிப்பது இந்தப் பொறுப்பே என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1980-களின் நடுவில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியதால், தரைப்படையில் இரண்டாம் நிலையிலிருந்து மேலுள்ள வாரண்ட் அதிகாரிகளுக்கும் அதிபரின் கமிஷன் கிடைக்கிறது. காகிதத்தில் இருந்த வேறுபாடு பெருமளவு மறைந்த பிறகும் இரு பாதைகளும் தனித்தனியாகவே நீடிக்கின்றன. அவற்றைப் பிரித்தது காகிதம் அல்ல, பொறுப்பின் தன்மை.

இந்த நியாயத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. பொறுப்பு, விவேகம் என்ற பெயர்களில் பிறப்பும் பணமும் நிறமும் ஒளிந்திருந்த காலம் நீண்டது. பிரிட்டிஷ் தரைப்படையின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் 1871 வரை கமிஷனை விலைக்கு வாங்க முடிந்தது. கணக்கும் கருவியும் தெரிந்தாக வேண்டிய பீரங்கிப்படையிலும் பொறியாளர் படையிலும் மட்டும் அந்த விற்பனை நடக்கவில்லை. அறிவு கட்டாயமான இடத்தில் பணம் செல்லவில்லை. மனிதர்களை நடத்த மட்டும் பணம் போதும் என்று கருதப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதார், சுபேதார் மேஜர் போன்றோர் வைஸ்ராயின் கமிஷன் பெற்றவர்கள். அவர்களுடைய அதிகாரம் இந்திய வீரர்கள் மேல் மட்டுமே செல்லும். பல போர்களைக் கண்ட சுபேதார் மேஜரும் புதிதாக வந்த வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழே நின்றார். டேராடூனில் 1932-இல் இராணுவக் கல்விக்கழகம் தொடங்கிய பிறகே இந்தியர்கள் சொந்த மண்ணில் பயின்று கமிஷன் பெற நிலையான வழி பிறந்தது. ஒப்படைப்பின் நியாயம், அது யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் நடந்தது இன்னும் ஆழமான சோதனை. அமெரிக்க வீரர்கள் ஆயுதமற்ற நூற்றுக்கணக்கான கிராமத்தவர்களைக் கொன்றார்கள். களத்தில் ஒரு பிளட்டூனை நடத்திய வில்லியம் கேலி, இரண்டாம் லெப்டினன்ட். மேலே பறந்த ஹெலிகாப்டரின் விமானி ஹியூ தாம்சன், 24 வயது வாரண்ட் அதிகாரி. பதவி வரிசையில் கேலிக்குக் கீழே இருந்தவர். கிராமத்தவர்களுக்கும் முன்னேறி வந்த வீரர்களுக்கும் இடையே தாம்சன் தன் ஹெலிகாப்டரை இறக்கினார். அந்த மக்கள்மேல் சொந்தப் படையினர் சுட்டால் திருப்பிச் சுடும்படி தன் குழுவினர் லாரன்ஸ் கோல்பர்னிடமும் கிளென் ஆண்ட்ரியோட்டாவிடமும் சொல்லிவிட்டு, எஞ்சியவர்களை வெளியேற்றினார். மேலதிகாரியின் கட்டளைப்படி நடந்ததாகக் கேலி வாதாடினார். 1971-இல் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. தாம்சனுக்கும் குழுவினருக்கும் 1998-இல் 'வீரர் பதக்கம்' வழங்கப்பட்டது.

தாம்சனின் செயலுக்கு விமானமோட்டும் திறன் கருவியாக இருந்தது. உரிமையைத் தந்தது அதுவல்ல. பதவியும் தரவில்லை. படையில் யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்ற வரிசை, நியாயமான வழிகள் பல இருக்கையில் எதைத் தேர்வது என்பதைத் தீர்க்கவே உண்டாக்கப்பட்டது. நிராயுதபாணிகளைக் கொல்வது அந்த வழிகளில் ஒன்றே அல்ல. அங்கே வரிசை செயலிழந்துவிடுகிறது. மேலிடத்து உத்தரவு ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று 1950-இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த நியூரம்பெர்க் கோட்பாடுகளும் கூறுகின்றன. முடிவெடுக்கும் உரிமையைப் பதவிவாரியாகப் பங்கிடலாம். மனசாட்சியை அப்படிப் பங்கிட முடியாது.

ஆக, கேள்விக்கான விடைக்கு மூன்று படிகள் உண்டு. அறிவு ஒருவருக்குக் கேட்கப்படும் உரிமையைத் தருகிறது; அதைக் கேளாமல் கட்டளையிடும் தலைவர் தன் பொறுப்பில் தவறுகிறார். பிறர் உயிரைப் பணயம் வைக்கும் முடிவை எடுக்கும் உரிமை, சமூகம் ஒப்படைத்து, கணக்கும் கேட்கும்போது மட்டுமே வருகிறது. இவ்விரண்டுக்கும் அடியில், எந்த ஆணையாலும் ரத்துசெய்ய முடியாத மனிதக் கடமை இருக்கிறது. இந்த இரு பாதைகளில் ஒன்றைத் தேர்பவர் சம்பளத்தையும் பதவி உயர்வையும் ஒப்பிடுவது இயல்பே. ஆனால் அவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறார் என்பதை. தன் வேலையின் சரி தவறுக்குப் பதில் சொல்ல விரும்புபவருக்கு வாரண்ட் பொருந்தும். பிறர் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் சேர்த்துப் பதில் சொல்லத் துணிபவரே கமிஷனை நாட வேண்டும்.