பொறுமையும் வலிமையும்: குங்பூ படங்களின் தரம் பற்றிய ஒரு வழக்கு

சுவை பற்றி வழக்கிடுதல் வீண் என்பது ஐரோப்பியரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் முதுமொழி. இனிப்பை விரும்புவோனையும் புளிப்பை விரும்புவோனையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலாது என்பது அதன் கருத்து. ஆயினும் மனிதர் வழக்கிடுவதை நிறுத்தினாரல்லர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே, மழையினால் றப்பர்ப் பால்வெட்டு நின்றுபோன காலைகளில், லயத்து இஸ்தோப்பிற் கூடுவோர் நடத்தும் வழக்குகளுள் ஒன்று, பழைய குங்பூ படங்களுள் எது தலைசிறந்தது என்பதாகும். புரூஸ் லீ பக்கம் சிலர், ஜாக்கி சான் பக்கம் சிலர், மொட்டைத் தலையுடன் ஷாவோலின் துறவியாக நடித்த கோர்டன் லியூ பக்கம் வேறு சிலர். கற்றோர் இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவர். தள்ளுவதற்கு முன், அங்கு உண்மையில் எதைப் பற்றி வழக்கிடப்படுகின்றது என்று வினவுதல் தகும்.

ஹொங்கொங்கில் ஷா சகோதரர் நிறுவனமும் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனமும் 1970களில் எடுத்துக் குவித்த இப்படங்கள் உலகெங்கும் பரந்தமை அறிந்ததே. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ரூபவாகினி வந்தது. அதன்பின் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து விடிய விடியப் படம் பார்க்கும் வழக்கம் தோட்டங்களிற் பரவிற்று. இன்று அதே படங்கள் கைபேசியில் ஓடுகின்றன. சீனமொழியோ, ஆங்கில ஒலிச்சேர்க்கையோ, பார்ப்பவருக்கு அது தடையன்று. உடம்பு பேசும் மொழிக்கு உரை வேண்டுவதில்லை.

தரத்தைப் பற்றிய வழக்கின் ஒரு பகுதி நுட்பம் சார்ந்தது. அப்பகுதியில் முதுமொழி பொய்த்துவிடுகின்றது. டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையிலே, செர்வாண்டிஸின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் அதிலே தோலின் வாடை உண்டென்றார். மற்றவர் இரும்பின் சுவை உண்டென்றார். ஊரார் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது அடியிலே தோல்வாரிற் கட்டிய ஒரு திறவுகோல் கிடந்தது. தோட்டத் திருவிழாவிற் சிலம்பம் சுழற்றிய கை உடையவர் படத்தைப் பார்க்கும் பார்வையும் இத்தகையதே. கால் வைக்கும் முறை திரையில் தெரிகின்றதா, அடியும் தடுப்பும் வெட்டின்றி ஒரே காட்சியாக எடுக்கப்பட்டனவா, அன்றி நடிகரின் இயலாமையைப் படத்தொகுப்பு மறைக்கின்றதா என்பனவற்றை அவர் உடனே கண்டுகொள்வார். ஹுங் பாணிக் குங்பூவை மரபாகக் கற்ற லாவ் கார்-லியுங் இயக்கிய படங்களில் முழு உடம்பும் தெரியுமாறு காட்சிகள் நீள்வதற்குக் காரணம் உண்டு. 1978இல் யுவன் வூ-பிங் இயக்கிய 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்திலே ஜாக்கி சானின் தள்ளாட்டம் நகைப்பூட்டுவதாயினும், அத்தள்ளாட்டத்துள் நிலை தவறாத ஓர் அடிவரிசை ஒளிந்திருப்பதைச் சிலம்பக்காரர் காண்பர். இவை திறவுகோல்கள். காட்டினால் மறுப்பவர் இல்லை.

(போதிதர்மர் காஞ்சியிலிருந்து சென்றவர், ஆதலாற் குங்பூவே தமிழருடையது என்னும் வாதமும் இடையில் எழுவதுண்டு. அவர் தென்னிந்தியர் என்னும் சீன மரபுச் செய்தி பழையதேயாயினும், ஷாவோலின் சண்டைக்கலையை அவருடன் இணைக்கும் நூற்சான்று 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று. இவ்வாதம் எப்படம் சிறந்தது என்பதைத் தீர்ப்பதுமில்லை.)

நுட்பத்தில் உடன்பட்ட பின்பும் வழக்கு முடிவதில்லை என்பதே கருதற்பாலது. எஞ்சுவது சுவை வேறுபாடு மட்டுமாயின் அவ்வளவு சூடு பிறக்க நியாயமில்லை. எஞ்சி நிற்பது ஓர் ஒழுக்க வினா: அடிபட்டவன் என்ன செய்தல் தகும்?

1971இல் வெளியான 'பிக் பொஸ்' படத்தைத் தோட்டத்தவர் தம் கதையென்றே கொள்ளுதல் வியப்பன்று. சீனாவிலிருந்து பிழைப்புத் தேடித் தாய்லாந்துக்கு வரும் இளைஞன், தன் உறவினருடன் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்கிறான். சண்டையிடேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்தவன் அவன். அதன் அடையாளம் கழுத்திலே தொங்கும் பச்சைக்கல். பனிக்கட்டியினுள் போதைப்பொருள் கடத்தப்படுவதை அறிந்த தொழிலாளர் ஒவ்வொருவராகக் காணாமற்போகின்றனர். கைகலப்பொன்றிற் பச்சைக்கல் உடைய, வாக்கும் உடைகிறது. அடுத்து நிர்வாகம் செய்வதுதான் நுண்ணியது: அவனை அடிப்பதை விடுத்து மேற்பார்வையாளனாக உயர்த்துகிறது; விருந்தளித்து மயக்குகிறது. ஒருவனைத் தன் மக்களிடமிருந்து பிரித்தெடுத்து அவர்கள் மேலேயே நிறுத்தும் இவ்வுத்தியைக் கங்காணி முறையின் வரலாறறிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஈற்றில் அவன் முதலாளியைக் கொன்று பொலிசாரிடம் சரணடைகிறான்.

1972இல் வெளியான 'பிஸ்ட் ஒவ் பியூரி'யும் லோ வெய் இயக்கியதே. யப்பானியர் செருக்குற்றிருந்த ஷங்ஹாயிலே, ஆசானை இழந்த மாணவனாக வருகிறார் புரூஸ் லீ. சீனரை நோயாளிகள் என இகழும் பலகையைக் கொணர்ந்தவரிடமே அதனைத் திருப்பிச் சென்று, எழுதியதை உண்ணச் செய்யும் காட்சியைக் கண்டு கைதட்டாதவர் அரியர். இறுதியில் துப்பாக்கிகளை நோக்கி அவன் பாயும் பாய்ச்சலிற் காட்சி உறைந்துபோகிறது. சிறந்த படம் இதுவே என்பாரின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அவர்கள் போற்றுவது கொலையையன்று. இகழ்ச்சியை விழுங்க மறுக்கும் மானத்தையே.

அம்மானம் ஏன் இத்துணை இனிக்கின்றது என்பதை உணர, இம்மண்ணின் வரலாற்றையும் நினைத்தல் வேண்டும். சப்பிரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தொடர்ச்சியாக அமைந்தவையல்ல. சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடப்பவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும், லயங்கள் கொளுத்தப்பட்டன. மக்கள் தேயிலைச் செடிகளிடையே இரவைக் கழித்தனர். அயற் கிராமத்தவருட் சிலர் அடைக்கலமும் தந்தனர். பலர் வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் பெயர்ந்தனர். எஞ்சியோரைப் பற்றி மேடைதோறும் கூறப்படும் புகழுரை ஒன்றுண்டு: இவர்கள் பொறுமைசாலிகள்.

இப்புகழுரையை வள்ளுவர் ஏற்கமாட்டார். வெகுளாமை அதிகாரத்தின் முதற் குறள், சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனை அடக்குபவனையே அடக்கியவனாகக் கொள்கிறது. பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிடின் என்ன என்று கேட்கிறது. திருப்பியடிக்க வழியற்றவன் அடிக்காதிருத்தல் அவன் தெரிந்தெடுத்த செயலன்று. தெரிந்தெடுக்காததை அறமென்று புகழ்தல், அடித்தவனுக்கு வசதியான பேச்சு. மன்னிப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் வரவேண்டுமாயின் முதலில் வலிமை வந்தாக வேண்டும்.

இந்நோக்கிற் பார்க்குமிடத்து, 1978இல் லாவ் கார்-லியுங் இயக்கிய 'ஷாவோலினின் 36ஆம் அறை' ஏனையவற்றின் மேலானது எனத் துணியலாம். மஞ்சு ஆட்சியினரிடம் உற்றாரைப் பறிகொடுத்த மாணவன் ஷாவோலின் மடத்தை அடைகிறான். நேரே உச்ச அறைக்குட் புக முயன்று தூக்கியெறியப்படுகிறான். பின்பு அடியிலிருந்து தொடங்குகிறான். நீரில் மிதக்கும் கட்டைகள்மீது கால் வைத்துத் தாண்டினாலன்றி உணவில்லை. புயத்திற் கத்திகளைக் கட்டியபடி கைகளை நீட்டி நீர் சுமக்கிறான். கை தாழ்ந்தால் விலாவிற் கத்தி இறங்கும். படத்தின் நடுப்பகுதி முழுதும் இவ்வாறு உழைப்பாகவே செல்கிறது. எதிரி தோன்றுவதேயில்லை. சண்டையை எதிர்பார்த்து வந்தவர் சலிக்காமல் இதனைப் பார்த்திருப்பது விந்தையே; விடியுமுன் வெட்டுக்கத்தியுடன் மரம் மரமாக ஏறி இறங்கும் மலைச்சரிவில் வாழ்பவருக்கு அது விந்தையாகத் தோன்றாமலும் இருக்கலாம். வேறுபாடு ஒன்றே: அவர்தம் உழைப்பு வேறொருவருக்கு இறப்பராகிறது, துறவியின் உழைப்பு அவனுடைய உடம்பிலேயே தங்குகிறது.

முப்பத்தைந்து அறைகளையும் கடந்தவன் கேட்பது பதவியன்று. முப்பத்தாறாவதாக ஓர் அறை. மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண மக்களுக்கு இக்கலையைக் கற்பிக்கும் அறை. தலைமைத் துறவி மறுத்து, தண்டனை என்னும் பெயரில் அவனை வெளியே அனுப்புகிறார். அத்தண்டனையே மறைமுகமான இசைவாகிறது. 'பிக் பொஸ்' நாயகன் தன் கையை மட்டும் நம்பினான்; 'பிஸ்ட் ஒவ் பியூரி' நாயகன் தன்னோடு தன் வலிமையையும் முடித்துக்கொண்டான். வலிமை யாருக்கு உரியது என்று கேட்டவன் இவன் ஒருவனே. தோட்டத்தில் இவ்வறைக்கு ஒப்பானது எதுவெனத் தேடினால், வாக்குரிமையும் பாடசாலையும் தொழிற்சங்கமுமே கண்முன் வரும். அவற்றுட் சிலவற்றின் நிலை கண்டு, பிறிதோர் அறை வேண்டும் என்பாரும் உளர்.

வலிமையை அளவோடு ஆளுதல் பற்றி இதே இயக்குநர் பின்னரும் சிந்தித்தார். 1984இல் வந்த 'எட்டுக்கோணத் தடிவீரன்' கதையில் துறவிகள் கொல்லாமை நோன்பினர்; ஓநாயைக் கொல்லாது பல்லை மட்டும் உதிர்க்கும் தடிவித்தையைப் பயில்கின்றனர். இறுதிச் சண்டையில் அதே வித்தை மனிதரின் பற்களைப் பிடுங்கும்போது, நோன்பின் எழுத்துக் காக்கப்பட்டு அதன் உயிர் போய்விட்டதோ என ஐயுற வேண்டியுள்ளது.

'பிஸ்ட் ஒவ் பியூரி' பக்கத்தவர் இவ்வளவையும் கேட்டபின் ஒரு வினாவை எழுப்புவர்: முப்பத்தைந்து அறை கடக்க ஆண்டுகள் பல செல்லுமே, இன்றிரவு லயம் எரிகின்றவன் என் செய்வான்? அதற்கு 36ஆம் அறையிடம் நேரான விடை இல்லை. மேலும் ஒன்றையும் அவர்கள் சுட்டுவர். மடத்தை விட்டு ஊர் திரும்பிய துறவி, மக்களுக்குக் கற்பிக்கும் அறையைத் திறப்பதற்கு முன்னர், தன் உற்றாரை அழித்த மஞ்சுத் தளபதியைத் தேடிச்சென்று கொல்கிறான். அறை அதற்குப் பின்னரே திறக்கப்படுகிறது.