வாங்குவதற்கு ஒரே ஆள்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரின் கெட்டரிங் ஊரை மையமாகக் கொண்டு இயங்கிய லாரி நிறுவனம் ‘நைட்ஸ் ஆஃப் ஓல்ட்’. 1865-ல் குதிரை வண்டியோடு தொடங்கியது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்தது. 2023-ல் அதன் குழுமம் ஏறத்தாழ 500 லாரிகளை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் ‘அகிரா’ என்ற கும்பல் அதன் கணினிகளுக்குள் புகுந்தது. ஊழியர் ஒருவரின் பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்தே உள்ளே வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்டார்கள். செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. சுமார் 730 பேருக்கு வேலை போயிற்று.

ஒரு லாரியிலும் கீறல் விழவில்லை. ஓட்டுநர்கள் இருந்தார்கள், ஏற்றிச் செல்லச் சரக்கும் இருந்தது. இல்லாமற்போனது கணக்கு. வரவேண்டியது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு என்று காட்ட முடியாத நிறுவனத்துக்கு அவசரத்தில் யார் பணம் போடுவார்கள்? இணையத் தாக்குதலுக்கென்றே காப்பீடு எடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘நம்ம கடையில அப்படி என்ன இருக்கு, யார் வரப்போறா?’ என்பது நம் ஊர் வியாபாரிகளின் வழக்கமான சமாதானம். பழைய திருடனைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம்தான். திருடியதை அவன் யாரிடமாவது விற்றாக வேண்டும். ஒரு ஹார்டுவேர் கடையின் டாலி கணக்கை, எந்த மேஸ்திரி எவ்வளவு பாக்கி என்ற பட்டியலை, உலகில் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், அந்தக் கடைக்காரரைத் தவிர. புதிய திருடனுக்கு அந்த ஒரே ஆள் போதும். இன்னாருடைய கடை என்று தேடி வருவதும் குறைவு; திறந்து கிடக்கும் கணினிகளை மென்பொருளே இரவு பகலாகத் துழாவிக்கொண்டிருக்கிறது. சிறியவர் பெரியவர் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

திறந்து கிடப்பதற்கும் குறைவில்லை. நான்கு பேருக்கு ஒரே லாகின். அதன் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டில். ஆடிட்டர் ஆபீஸ் பையன் தொலைவிலிருந்து கணக்கைப் பார்க்க என்றைக்கோ திறந்துவிட்ட வழி, வருமான வரித் தாக்கல் முடிந்தபின்னும் திறந்தே இருக்கிறது. ‘அப்டேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’. 2017 மே 12-ல் கோப்புகளைப் பூட்டும் வானாக்ரை மென்பொருள் உலகைச் சுற்றியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பேக்கப் இல்லாமல் இல்லை. ஹார்டு டிஸ்க் வாங்கி, கணினியில் செருகி, செருகியபடியே விட்டிருப்பார்கள். பூட்டுகிற மென்பொருள் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றி, முடிந்தால் வேறிடத்தில் வைக்க வேண்டும்; இரண்டு டிஸ்க்குகள் இருந்து மாற்றி மாற்றி எடுத்தால் இன்னும் நல்லது. சில மாதங்களுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் போட்டு, கணக்கு உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்ப்பதும் பேக்கப்பில் சேர்ந்ததுதான். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்க மறப்பதில்லை.

வைரஸே தேவைப்படாத வகையும் உண்டு. திருப்பூரிலிருந்து பனியன் சரக்கு கப்பலேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, ஏற்றுமதியாளர் அனுப்பியதைப் போலவே ஒரு மின்னஞ்சல் போகிறது: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. முகவரியில் ஓர் எழுத்துதான் வேறு. அவர் நேர்மையாகப் பணத்தைக் கட்டிவிடுகிறார். இவர் நேர்மையாகக் காத்திருக்கிறார். இதைத் தடுக்க ஒரு போன் போதும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்ல, ஏற்கெனவே பேசிப் பழகிய எண்ணுக்கு.

நைட்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் பால் அபாட், பாஸ்வேர்டு பறிபோன அந்த ஊழியரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை என்று பின்னர் பிபிசியிடம் கூறினார். இதை வெறும் கருணை என்று நான் நினைக்கவில்லை. ஒருவருடைய பாஸ்வேர்டு போனால் மொத்த நிறுவனமும் போய்விடும்படி அமைத்தது அந்த ஊழியர் அல்ல. போனுக்கு வரும் இரண்டாவது குறியீட்டைக் கேட்கும் ஏற்பாடு இருந்திருந்தால், வெறும் ஊகம் வாசலிலேயே நின்றிருக்கக்கூடும்.

நம் ஊரில் வேறு வகை மௌனம் உண்டு. வங்கிக்குத் தெரிந்தால் ஓவர்டிராஃப்ட் என்னாகும், பார்ட்டிக்குத் தெரிந்தால் ஆர்டர் என்னாகும் என்ற பயம். ‘சிஸ்டம் ரிப்பேர்’ என்று சொல்லிவிட்டு, சர்வீஸ் பையனை அழைத்து ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். தடயமும் அதோடு போகிறது. இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது. பணமே போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அந்த நிமிடமே அழைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு. காலையில் கடை திறந்து, பங்காளிகளைக் கூட்டிப் பேசி முடிவெடுப்பதற்குள் அந்தப் பணம் பல கணக்குகள் தாண்டியிருக்கும்.