மலிவின் அறம்

திண்ணைப் பள்ளிகள் நிலவிய காலத்தில் குழந்தையின் முதல் ஏடு மணல்தான். பரப்பிய மணலில் விரலால் எழுதும். பிழைபட்டால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மீண்டும் எழுதும். கை தேர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. மணலுக்குப் பின் சிலேட்டு வந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பயின்ற நாளில் எத்தனை ஆயிரம் பிழைகளை அச்சிலேட்டில் எழுதியிருப்பேன்! ஈரத்துணி ஒன்று அவை அனைத்தையும் துடைத்துவிட்டது.

பிழை செய்யாமல் எவரும் கற்பதில்லை. பிழைக்குக் கொடுக்க வேண்டிய விலை மிகுமானால் கற்கத் துணிவோர் குறைவர். இவ்வுண்மையைக் கணினியோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எளியோர் வாங்கத்தக்க விலையில் கணினி கிடைப்பது வெறும் வணிகச் செய்திதானா? அன்றி, அதனுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளதா?

முதற்கண் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளிக்கு நல்லெண்ணம் கொண்டோர் சிலர் பத்துக் கணினிகளை நன்கொடையாக வழங்கினர். மாலை மரியாதையோடு விழா நடந்தது. மறுநாளே அவ்வறைக்குப் பெரிய பூட்டொன்று வாங்கினேன். பழுதானால் சரிசெய்யப் பள்ளியில் பணம் ஏது? வாரத்திற்கு ஒரு மணி நேரம், ஆசிரியர் அருகில் நிற்க, மாணவர் சொன்னதை மட்டும் செய்யலாம். ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணினியின் பின்புறமிருந்த கம்பியொன்றைப் பிடுங்கி, வேறோர் இடத்தில் செருகிப் பார்த்தான். “உன் அப்பன் வீட்டுச் சொத்தா இது?” என்று கடிந்துகொண்டேன். அன்றுமுதல் அவன் அவ்வறையில் கைகளைக் கட்டிக்கொண்டே அமர்ந்திருந்தான். சில ஆண்டுகளில் அக்கணினிகள் காலங்கடந்தவை ஆயின. அவற்றுள் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அதனை அன்று பெருமையாகக் கூறிக்கொண்டேன். இன்று தோல்வி என்கிறேன்.

இவ்வச்சத்தை நீக்க முயன்றோர் கணினி வரலாற்றில் உண்டு. பிரிட்டனில் கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட இசட்.எக்ஸ்.81 என்னும் கணினியின் விலை 69 பவுண்டு 95 பென்சு. உறுப்புகளைத் தாமே பொருத்திக்கொள்வோர்க்கு 49 பவுண்டு 95 பென்சு. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் கேசட் கருவியே அதற்குச் சேமிப்பகம். நினைவகமோ ஒரு கிலோபைட்டுதான். எனினும் அச்சிறு பெட்டியின்முன் அமர்ந்து நிரல் எழுதப் பழகிய சிறுவர் பலர்.

பின்னாளில் கணினி வலிமை பெற்றது. வீட்டார் அனைவரும் காக்க வேண்டிய பொருளாகவும் ஆயிற்று. கேம்பிரிட்ஜில் கணினியியல் பயில விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையும் திறனும் குறைந்து வருவதைக் கண்ட எபன் அப்டன் முதலியோர், சிறுவர் அஞ்சாமல் கையாளத்தக்க கணினியொன்றை உருவாக்க முனைந்தனர். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுற்றுப்பலகை. அப்போது அதன் விலை 35 அமெரிக்க டாலர். அதனை இயக்கும் மென்பொருள் ஒரு சிறு நினைவட்டையில் இருக்கும். மாணவன் எதையேனும் கெடுத்துவிட்டால் அட்டையை அழித்து, மென்பொருளைப் புதிதாகப் பதியலாம். சிலேட்டின் ஈரத்துணி மீண்டும் வந்தது எனலாம்.

இங்கே மறுப்புகள் எழலாம். அப்பலகையின் விலை மட்டுமே கணினியின் விலை அன்று என்பர் சிலர். உண்மையே. திரை, விசைப்பலகை, சுட்டி, மின்னிணைப்பி ஆகியவற்றைப் புதிதாக வாங்கின் பலகையின் விலையையும் விஞ்சிவிடும். ஏழைக் குடும்பம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். ஆயின் இவை பழையனவாயிருப்பினும் பயன்படும். மேலும், 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 மென்பொருளுக்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்ட கணினிகள் பலவும் நன்றாகவே இயங்குவன. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளைப் பதிந்தால் அவை மாணவர்க்கு உதவும்.

கைப்பேசி போதாதா என்பர் வேறு சிலர். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது எம் மாணவர் பலர் தந்தையின் கைப்பேசியை நம்பியே பயின்றனர். அது தந்தையின் பிழைப்புக்கு உரிய கருவி. அதில் சோதனை செய்து பார்க்க எந்தத் தந்தை இசைவார்?

மலிவான பொருளை மாணவர் மதியார் என்பது மூன்றாம் மறுப்பு. அலட்சியம் வேறு, சோதனை வேறு. அலட்சியம் எதையும் வினவுவதில்லை. சோதனையோ ‘இப்படிச் செய்தால் என்னாகும்?’ என்னும் வினாவோடு தொடங்குகிறது. வசதியுள்ள வீட்டில் ஒரு பிள்ளை பொருளைப் பிரித்துப் போட்டால் அதனை ஆர்வம் என்கிறோம். பழுதானால் தந்தை வேறொன்று வாங்கித் தருவார். அதையே ஏழைப் பிள்ளை செய்தால் குறும்பு என்கிறோம். கருவி கிடைத்த பின்னும் பிழை செய்யும் உரிமை அப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவ்வுரிமையை இருவர்க்கும் பொதுவாக்குவதே மலிவின் அறம்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வேறுவேறாக வைத்தார். ஈகையில் கொடுப்போர் கை மேலும் பெறுவோர் கை கீழும் இருக்கும். பெற்றவர் அஞ்சி அஞ்சிக் காப்பர். ஒப்புரவோ ஊரார் நீர் முகக்கும் குளம் போன்றது. முகப்பவர் எவர்க்கும் அங்கே அச்சமில்லை. ஒப்புரவாக வைத்திருக்க வேண்டிய கணினிகளை நான் ஈகைப் பொருளாக்கிப் பூட்டிவைத்தேன்.

ஆசிரிய நண்பர்களே! உங்கள் பள்ளியின் கிடங்கிலும் பழைய கணினிகள் தூசு படிந்து கிடக்கலாம். மின்னிணைப்பை நீக்கிவிட்டு, அவற்றுள் ஒன்றையேனும் மாணவர் முன் வையுங்கள், நீங்கள் உடனிருக்க, அவர்கள் திறந்து பார்க்கட்டும், பிரித்துப் பூட்டட்டும், தவறட்டும், மீண்டும் செய்யட்டும். கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்த அம்மாணவன் இன்று என்முன் வந்து நின்றால், அன்று நான் கேட்ட வினாவுக்கு நானே விடை கூறுவேன்: “ஆம் தம்பி, இஃது உன் சொத்தே.”