தீர்ப்பு வந்தபின்

சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர் நடைபாதையில் ஓடக்கூடாது. சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடலாம். காருக்குக் காப்புறுதி கட்டாயம். அடிபட்டவருக்கு அதிலிருந்து இழப்பீடு வரும். சொந்த ஸ்கூட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

காலுடைந்த பாட்டி 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், ஜெயிக்கலாம். மோதிய பையன் கையில் காசே இல்லேன்னா?

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கட்டும் என்பார்கள். எனக்கு அரைமனசுதான். தப்பு அவனுடையது, சரி. ஆனால் 10இல் போவதைவிட 25இல் மோதும் ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேல் (பள்ளிக்கூட இயற்பியல்தான்). அந்த வேகத்தை அனுமதித்துவிட்டு, காப்புறுதியை அவரவர் இஷ்டத்துக்கு விட்டதில் நமக்கும் பங்கில்லையா? ஸ்கூட்டர் வாங்கும்போதே எல்லாரும் கொஞ்சம் சந்தா கட்டியிருந்தால், பாட்டி அவன் பர்ஸை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.