வாசலுக்கு வந்த அமானிதம்

மழைக்காலத்து மாலையொன்றில், மஃரிபுத் தொழுகை முடித்து வீடு திரும்பிய நம் நண்பர் ஒருவர், தம் வாசற்படியில் பூனைக்குட்டி ஒன்று சுருண்டு கிடக்கக் கண்டார். காதோரங்களில் சொறி பிடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. கண்கள் பீளையால் ஒட்டியிருந்தன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். நண்பர் தையல் தொழிலாளி. பெருநாள் கழிந்துவிட்டால் அவருக்கு வேலை குறைவு. மூன்று பிள்ளைகள், மளிகைக் கடையில் பாக்கி. “வாப்பா, இதை உள்ளே எடுத்து வரட்டுமா?” என்று இளைய மகள் கேட்டபோது, அவர் வாய் எழாமல் நின்றுவிட்டார். மறுநாள் நம்மிடம் வந்து, “பிள்ளைகளின் பாலில் பங்கு பிரித்துப் பூனைக்கு ஊற்றுவது நன்மையா, பாவமா?” என வினவினார்.

வினா சிறியது; விடை அத்துணை எளிதன்று.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண், அதன் பொருட்டே தண்டனைக்குள்ளான செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். இரக்கத்தின் சிறப்பை எடுத்துரைக்கவே அதனைப் பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறோம். சற்று ஊன்றி நோக்கினால், அங்கே இரண்டு வழிகள் சுட்டப்படுவது புலப்படும். அவள் அதற்கு உணவளித்திருக்கலாம். அல்லது, தன் இரையைத் தானே தேடிக்கொள்ள அவிழ்த்து விட்டிருக்கலாம். இரண்டையும் அவள் செய்யவில்லை. கட்டிய கையே அதன் உணவுக்கும் பொறுப்பேற்றுவிட்டது. வளர்க்கும் பிராணிக்குத் தீனியளிப்பது உடையவன்மீது கடமை எனச் சட்ட மேதைகள் வகுத்ததும் இக்கருத்தையொட்டியே.

ஆகவே, நம் வீட்டு வாசற்படி ஓர் எல்லைக்கோடாகிறது. படிக்கு வெளியே நாம் அளிப்பது தருமம். இயன்ற அளவே போதும். படிக்கு உள்ளே அது அமானிதம். அங்கே இயலவில்லை என்று கைவிரிக்க இடமில்லை.

ஆரோக்கியமான பூனைக்கு இவ்வளவே போதும். நோயுற்ற பூனைக்கோ இரண்டாம் வழி அடைபட்டிருக்கிறது. கண் ஒட்டிப்போன குட்டி எலியைப் பிடிக்குமா? இரக்கத்தால் எடுத்து வந்து, ஒரு வாரம் கொஞ்சிவிட்டு, மருந்துச் செலவு வந்ததும் “மீன் கடைப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும்” என்று சாக்கில் கட்டிக்கொண்டு போவோர் உளர். அவர்கள் இரக்கப்பட்டது யார்மீது? கண்முன் துயரம் கிடப்பதைப் பொறாத தம் நெஞ்சின்மீதே! பட்டினியால் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

இரக்கத்தில் கணக்குப் பார்க்கலாமா எனச் சிலர் கேட்பர். பார்த்தே ஆக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், ஆதரவற்ற பூனைகளுக்கென்று கெய்ரோவின் புறத்தே ஒரு தோட்டத்தையே வக்பு செய்தார். நூற்றாண்டுகள் உருண்டன. தோட்டம் கை மாறிக் கை மாறி, வருவாய் சொற்பமாயிற்று. ஆயினும் நாள்தோறும் அஸர் வேளையில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு வைக்கப்பட்டதையும், செலவில் பெரும்பகுதி காஸியின் தலையில் விழுந்ததையும் எட்வர்ட் லேன் 1836இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். சுல்தானின் கருணைக்கே ஒரு வருவாயும் ஓர் ஏற்பாடும் தேவைப்பட்டிருக்க, தையற்காரரின் கருணைக்கு வேண்டாவா?

நண்பருடன் அமர்ந்து நாம் கணக்கிட்டோம். பால் தேவையே இல்லை. பல பூனைகளுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மீன் தலையை அவித்து முள் நீக்கிச் சோற்றுடன் பிசைந்தால் போதும். காதுச் சொறி நுண்ணிய பூச்சியால் வருவது. தொட்டவர்க்கும் அரிப்புத் தரும். ஆயினும் மருத்துவர் தரும் மருந்தால் சில வாரங்களில் தீரக்கூடியது. அரசு கால்நடை மருந்தகம் ஆடு மாடுகளுக்கு மட்டும் உரியதன்று. பூனையையும் அங்கே கொண்டு செல்லலாம். வெறிநோய்த் தடுப்பூசியும், உரிய பருவத்தில் கருத்தடையும் மறக்கலாகாதவை. காசு மிச்சமென்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனையின் உயிரையே போக்கிவிடும்.

அப்பொழுதுதான் விடை தெளிந்தது. பிள்ளைகளின் பங்கு அவர்களுடையது. அதிலிருந்து எடுத்து வழங்கத் தந்தைக்கும் உரிமையில்லை. தன் பங்கிலிருந்து எடுப்பதற்கே தருமம் என்று பெயர். பூனையின் ஆயுள் முழுமைக்கும் பொறுப்பேற்க இயலாதவர், அதன் கண் திறக்கும் வரையிலேனும் ஏற்கலாம். இரை தேடும் வலிமை திரும்பியபின் வாசலைத் திறந்து வைப்பதே மெய்யான விடுதலை. நோயோடு துரத்துவது விடுதலையாகாது. அந்தச் சில வாரங்களுக்கும் வகையில்லாதவர் வாசலில் ஒரு பிடிச் சோறும் நீரும் வைத்து, அண்டை வீட்டாரிடம் சொல்லட்டும். அதுவும் நன்மையே, அதற்காக அவர் நாண வேண்டியதில்லை.

நண்பர் மாலைத் தேநீரை நிறுத்தினார். சொறி ஆறிற்று. ஒரு கண் தெளிந்தது. மற்றதில் வெண்படலம் நிலைத்துவிட்டது. வாசல் திறந்தே இருக்கிறது. பகலெல்லாம் தெருவில் திரியும் அப்பூனை, இரவானால் தையல் இயந்திரத்தின் அடியில் வந்து படுக்கிறது. ஒற்றைக் கண்ணோடு அது முழுவதும் தனித்து வாழாது என்பதை அவர் அறிவார்.

“தேநீர் எப்பொழுது?” என்று அண்மையில் கேட்டோம்.

“பழகிவிட்டது” என்றார்.